கோணல் நம்பர் பிளேட்

கார் வாங்கிய ஐந்தாவது நாளிலிருந்து பார்த்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எங்க இடிச்சீங்க?" பால்காரர் கேட்டார். எதிர்வீட்டு அம்மா கேட்டார். பெட்ரோல் பங்கில் நின்ற பெண், எவ்வளவுக்குப் போடணும் என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்டாள். பூச்சி பொட்டு தவிர அந்த வண்டி அதுவரை எதன்மேலும் மோதியதில்லை. இதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை. நம்பியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம், அதிலும் விரல் மிஞ்சும்.

நான் கணக்கு டீச்சர். வீடு பெரம்பலூரில், பள்ளிக்கூடம் அரியலூரில். இருபத்தாறு வருஷமாகக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், பாதி நாள் நின்றுகொண்டே. கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஐம்பத்தோரு வயதில். பஸ்ஸில் நின்று கால் வலித்ததால் கற்றேன் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். உண்மைக் காரணம் என் மாமியார்.

மாமியாருக்கு எழுபத்தாறு வயது. அரியலூரில் என் கொழுந்தனார் வீட்டில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முழங்கால் வலி என்று அவரைத் திருச்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். காலையில் இறக்கிவிட்டுப் போன வாடகைக் கார், மதியம் திரும்பி வரவில்லை. போன் போட்டால் வந்துட்டே இருக்கேன் என்றார் டிரைவர். மூன்று மணிநேரம் வந்துகொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிப் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாமியார், யாரையும் பார்க்காமல் சொன்னார்: "ரெண்டு ஆம்பளப் புள்ளய பெத்தேன். ஒருத்தனுக்கும் ஒரு வண்டி ஓட்டத் தெரியல."

நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் பாட்டில், எக்ஸ்ரே கவர், மாத்திரைப் பை எல்லாம் என் கையில்தான் இருந்தன. அவர் பிள்ளைகளைத்தான் குறை சொன்னார், என்னைச் சொல்லவில்லை. நான் அந்தக் கணக்கிலேயே வரவில்லை என்பதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த மாதமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன்.

ஆக, எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான் ஓட்டுகிற வண்டியில் என் மாமியார் ஏறி உட்கார வேண்டும். அதற்குச் சரியான நாளும் கூடி வந்தது. கொழுந்தனாரின் பேத்திக்குச் செட்டிகுளம் முருகன் கோயிலில் காதுகுத்து வைத்திருந்தார்கள். மற்றவர்கள் வேனில் போகட்டும், மாமியாரை நான் கூட்டிப்போகிறேன் என்று கார் புக் செய்த அன்றே போனில் சொல்லிவிட்டேன். "பாப்போம்," என்றார் மாமியார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் பாதி சம்மதம் என்று அர்த்தம்.

வண்டியைத் திருச்சி ஷோரூமில் எடுத்தோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், பானெட்டில் சந்தனப் பொட்டு, அட்டையில் செய்த ஒரு முழ நீளச் சாவியைப் பிடித்துக்கொண்டு போட்டோ. பிறகு செண்டிப்பூவும் ரோஜாவும் கட்டிய ஒரு கனத்த மாலை. அதை முன்னால் குறுக்காகப் போட்டதில் பம்பர் முழுக்க மறைந்துபோனது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டிக்குப் போட்ட மாலையை வீட்டுப் பெரியவர் கையால்தான் கழற்ற வேண்டும். பெரியவர் என்றால் மாமியார். எங்களுக்கு லீவு கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை. அதுவரை அந்த மாலை வெயிலில் காய்ந்து, கருகி, வழியெல்லாம் இதழ் உதிர்த்துக்கொண்டு அங்கேயே தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர். பெரம்பலூரில் உரக்கடை வைத்திருக்கிறார், மொபெட் தவிர எதையும் ஓட்டியதில்லை. சிமெண்ட் லாரி எதிரில் வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை இடது காலால் மிதித்தார். அரியலூர் போய்ச் சேர்வதற்குள் கால்மிதி ஓர் ஓரமாகச் சுருண்டுவிட்டது.

மாமியார் ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்தார். தெருவில் நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஆரத்தி சுற்றினார், வண்டிக்குப் பொட்டு வைத்தார், பிறகு குனிந்து மாலையைக் கழற்றினார். கழற்றியவர் நிமிரவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வண்டியின் முன் பம்பர், வெற்றிலை அடக்கிய கன்னம்போல் நடுவில் உப்பியிருக்கும். நம்பர் பிளேட்டோ அளவுகோல் மாதிரி நேரான அலுமினியத் தகடு. மாட்டியவர் நடுவில் இரண்டு ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விட்டார். அதிலும் ஒரு ஓட்டை மேலே, ஒரு ஓட்டை கீழே. நடுவில் மட்டும் பம்பரைத் தொட்டுக்கொண்டு, இரண்டு முனையும் அந்தரத்தில் நின்றன. ஐந்து நாள் காற்றிலும் வேகத்தடையிலும் ஆடி ஆடி ஒரு முனை கீழே தொங்கிவிட்டது. இதையெல்லாம் நாங்களும் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தோம்.

"இத மறைக்கத்தான் மாலையா?" என்றார் மாமியார்.

"எத அத்தை?"

"எங்க இடிச்ச?"

"இடிக்கவே இல்ல அத்தை. ஷோரூம்லயே அப்படித்தான் மாட்டியிருக்காங்க."

"ஆமா. உனக்குன்னு கோணலா மாட்டிக் குடுத்தான்." பிறகு மகனிடம் திரும்பினார். "நீ பக்கத்துலதானடா உக்காந்திருந்த? எங்க இடிச்சா?"

வீட்டுக்காரர் நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாது. அன்றைக்கு அதுதான் எனக்கு வினையாக முடிந்தது. "இடிச்ச மாதிரி தெரியலம்மா," என்றார். "ஆனா நான் பாதி தூரம் கண்ண மூடிட்டு வந்தேன்."

தெருவில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. காய்ந்த மாலையை என் கையில் கொடுத்துவிட்டு, "செட்டிகுளத்துக்கு நான் வேன்லயே வந்துக்கறேன்," என்று உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும்போது பெரம்பலூர் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது தெரியும், கட்டிக்கொண்டவருக்கு இன்னும் தெரியவில்லை. "விடு, இருக்கட்டும். ஒரு கோணல் இருந்தா திருஷ்டி கழியும்," என்றார். வண்டியை ஓரங்கட்டி அவரை இறக்கிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். காதுகுத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப். தகட்டின் இரு முனைக்குப் பின்னாலும் டேப்பை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தி, நூறு வரை எண்ணினார். தகடு பம்பரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கடைக்குப் போகும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போனேன். அரியலூர் வெயில் எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மதியம் ஸ்டாஃப் ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியில் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. டேப் இளகி, வளைத்து வைத்திருந்த தகடு தன் பழைய நிலைக்குத் துள்ளிவிட்டது. நிழலுக்குப் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. அதற்குப் பிறகு அந்த நாய் என் வண்டிப் பக்கமே வரவில்லை.

இனி இந்த வேலையை ஆம்பளைகளிடம் விட்டால் ஆகாது என்று தோன்றிவிட்டது. இது வடிவியல் சம்பந்தப்பட்டது. உப்பிய ஒரு பரப்பின்மேல் நேரான ஒரு தகட்டை நிறுத்த வேண்டும். முனைகளுக்கும் பம்பருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அளந்து அடைத்தால் தகடு ஆடாது. சனிக்கிழமை லீவு. காலையில் பழைய நோட்டு அட்டையைப் பம்பர்மேல் வைத்து வளைவை வரைந்து வெட்டினேன். வீட்டுக்காரரின் பழைய ரப்பர் செருப்பை எடுத்து, உள்பக்கம் மெல்லிசாகவும் வெளிப்பக்கம் தடிமனாகவும் ஆப்புப்போல் நாலு துண்டு அறுத்தேன். அது பழைய செருப்பு இல்லை, நடப்புச் செருப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

அடுத்தது கோணல். பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொத்தனாரிடம் போய் ரசமட்டம் இரவல் கேட்டேன். கட்டைக்கு நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் ஒரு நீர்க்குமிழ். குமிழ் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் மட்டம் சரி. கீழே போயிருந்த ஓட்டையைக் கொஞ்சம் மேலே தள்ளிப் போட்டுக் கொடுத்தவர் எங்கள் தெரு எலக்ட்ரீசியன். ரப்பர் துண்டுகளை வைத்து, ஸ்க்ரூவை லேசாக முறுக்கி, ரசமட்டத்தை மேலே பிடித்து, குமிழ் நடுவுக்கு வரும்வரை தட்டித் தட்டி நகர்த்தினேன். வந்தது. இறுக்கினேன். முடி அளவுகூடப் பிசகாமல் குமிழ் நடுவில் நின்றது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குமிழைப் பார்த்துவிட்டு, "டீச்சர்னா டீச்சர்தான்," என்றார். அன்றைக்கு மதியம் நான் நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். பி.டி. சார் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எதிரில் வந்தார். வண்டியை முன்னாலிருந்து பார்த்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"எங்க டீச்சர் இடிச்சீங்க?"

நான் ஓடிப்போய் முன்னால் நின்று பார்த்தேன். தகடு ஆடவில்லை, முனைகள் தொங்கவில்லை, எல்லாம் சரி. ஆனால் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் முன்னைவிடப் பட்டவர்த்தனமாகக் கோணிக்கொண்டிருந்தது. முன்பாவது தகடு தளர்ந்துபோய்ச் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது யாரோ உட்கார்ந்து திட்டமிட்டுச் சாய்த்த மாதிரி இருந்தது. யாரோ என்ன, நான்தான்.

காரணத்தைச் சொன்னவர் கொத்தனார். சாயங்காலம் ரசமட்டத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, குறை அதில்தான் என்பதுபோல் கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ரசமட்டத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார். "வண்டி எங்க நின்னுச்சு டீச்சர், நீங்க மட்டம் புடிக்கறப்ப?"

"எங்க வாசல்லதான்."

"உங்க வாசல் மட்டமா?"

எங்கள் தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டின் மேலேயே புது ரோட்டைப் போடுவார்கள். ரோடு உயர்ந்துகொண்டே போய், வீடுகள் எல்லாம் பள்ளத்தில் கிடக்கின்றன. ஆளாளுக்கு வாசலில் சிமெண்டில் ஒரு சரிவு கட்டியிருக்கிறோம். போதாததற்கு எங்கள் சரிவில், மழைத்தண்ணீர் சாக்கடைக்கு ஓடட்டும் என்று கிழக்குப் பக்கம் ஒரு சாய்வும் உண்டு. நின்று யோசித்தேன். வண்டி அகலத்துக்கு நாலு விரல் சாய்வு. தகட்டு நீளத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு விரலுக்கு மேல் கோணல். வண்டிக்கு இணையாக வைக்க வேண்டியதை நான் பூமிக்கு இணையாக வைத்திருக்கிறேன். இணைகோடுகள் ஒன்பதாம் வகுப்புப் பாடம். இருபத்தாறு வருஷமாக நடத்துகிறேன், தப்பாகச் செய்தவனை பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறேன். அன்றைக்கு என்னை ஏற்ற ஆளில்லை.

இப்போது நாலு நாள்தான் பாக்கி. என் அகம்பாவமெல்லாம் இறங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு, எங்கள் ஊர்ப் பாலக்கரைப் பக்கம் கார் சாமான்கள் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் லெப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் பதினாலு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்து கடை போட்டிருக்கிறார் என்று எலக்ட்ரீசியன் சொல்லியிருந்தார். அவர் வெளியில் வந்து வண்டியைப் பார்த்தார். எங்க இடிச்சீங்க என்று வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்கவில்லை. குந்தி உட்கார்ந்து பம்பரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உள்ளங்கையால் தடவினார்.

"இது இடிச்ச வண்டி இல்லம்மா," என்றார். "பெயிண்ட்ல ஒரு கீறல் கெடயாது. மாட்டுனவன் சரியில்ல."

பத்து நாளாக ஊரெல்லாம் என்னைக் குற்றவாளி ஆக்கியிருந்தது. கேட்காமலே ஒருவர் எனக்கு விடுதலை கொடுத்துவிட்டார். கேட்டீங்களா என்பதுபோல் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சீட் கவர் விலையை விசாரித்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் தகட்டைக் கழற்றினார். பின்னாலிருந்த செருப்புத் துண்டுகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு வேல இது?" நான்தான் என்றேன். "யோசன நல்ல யோசன," என்றார் மரியாதையாக. பிறகு பம்பரில் காகித டேப்பை ஒட்டினார். ஒரு ஹெட்லைட்டின் அடி ஓரத்திலிருந்து மறு ஹெட்லைட்டின் அடி ஓரத்துக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டினார். "ரோடு எப்படி வேணா இருக்கட்டும். பாக்கறவங்க கண்ணு வண்டியோட ரெண்டு கண்ணத்தான் பாக்கும். அதுக்குச் சரியா இருந்தா போதும்." அந்த நூலிலிருந்து அளந்து புள்ளி வைத்தார். நான் பக்கத்தில் குனிந்து நின்று, மையப்புள்ளியிலிருந்து இரு பக்கமும் சமதூரம் வருகிறதா, எதற்கும் இன்னொரு தடவை பாருங்கள் என்று மூன்று முறை சொன்னேன். நாலாவது முறை வாயைத் திறந்ததும் அவர் நிமிர்ந்தார். "டீச்சரம்மா, எதுத்தாப்புல டீ நல்லா இருக்கும். குடிச்சிட்டு வாங்க."

நான் போகவில்லை. வீட்டுக்காரர் போனார்.

தகட்டுக்குப் பின்னால் வைக்கிற கருப்பு பிளாஸ்டிக் பட்டை ஒன்றை எடுத்து, சுடுகாற்று ஊதுகிற மெஷினால் இளக்கி, பம்பரின் வளைவுக்குத் தகுந்தபடி அழுத்திப் பிடித்தார். அது ஆறியதும் பம்பரோடு பம்பராகப் பொருந்திவிட்டது. முனைகளில் ரப்பர் புஷ் வைத்து அதன்மேல் தகட்டை வைத்தார். தகட்டையே வளைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். "கூடாதும்மா. மேல இருக்கற முத்திரை கிழிஞ்சிரும். தகடும் வளையாது, பம்பரும் வளையாது. நடுவுல இருக்கறதுதான் வளஞ்சு குடுக்கணும்."

டீ குடித்துவிட்டு ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்த வீட்டுக்காரரைப் பார்த்தேன். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் முப்பது வருஷமாக அந்த மனிதர் வளைந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு புதுச் செருப்பு வாங்கித் தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை முடிந்தது. பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். கோணல் இல்லை, தொங்கல் இல்லை, வண்டிக்கு முகமே மாறிவிட்டது. "இன்ஷா அல்லாஹ், அஞ்சு வருஷத்துக்கு அசையாது," என்றார் கடைக்காரர்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அரியலூர் போனோம். கொழுந்தனார் வீட்டு வாசலில் வேன் நின்றது. பாத்திரங்களையும் வாழை இலைக் கட்டையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாமியார் பட்டுப்புடவை கட்டி, மடியில் வயர்கூடையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வண்டி வந்து நின்றதும் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை, நேராக முன்பக்கம் போனார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தகட்டின் ஓரத்தை விரலால் தடவினார், ஒரு முனையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை.

"நல்லா நிமித்திட்ட," என்றார்.

"அத்தை, இடிச்சிருந்தாத்தான நிமித்தறதுக்கு. அது வந்து, ஷோரூம்ல..."

"சரி சரி. இடிச்சாலும் இடிச்ச எடம் தெரியாம நிமித்தத் தெரியுதுல்ல. அது போதும். கதவத் தொற."

என் வாய் திறந்தது. பம்பரின் வளைவு, இரண்டு ஓட்டை, துபாய்க்காரரின் சாட்சியம் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. பின்னால் நின்ற வீட்டுக்காரர் இருமினார். முப்பது வருஷத்தில் அவர் எனக்குச் சரியான நேரத்தில் கொடுத்த ஒரே யோசனை அந்த இருமல்தான். நான் வாயை மூடிக்கொண்டு கதவைத் திறந்தேன். மாமியார் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் இந்தப் பாக்கியம் கிடைக்கும் என்றால், கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். "இத எதுக்குக் கட்டற? நான் என்ன எந்திரிச்சு ஓடவா போறேன்?" என்றார். தெருமுனையில் மெதுவாகப் போகச் சொன்னார். பயப்படுகிறார் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். அவர் கண்ணாடியை இறக்கச் சொல்லி, மளிகைக்கடை வாசலில் நின்ற ஒரு அம்மாவைக் கூப்பிட்டு, "செட்டிகுளம் வரைக்கும் போயிட்டு வரோம்," என்றார். அந்த அம்மா ஸ்டியரிங்கில் இருந்த என்னைப் பார்க்கும்வரை காத்திருந்தார். பார்த்த பிறகு, "ம், போ," என்றார் என்னிடம்.

பெரம்பலூர் தாண்டும்வரை வழி சொல்லிக்கொண்டே வந்தார். லாரியை முந்தாதே, லாரிக்குப் பின்னாலும் போகாதே என்றார். பெரிய ரோட்டில் ஏறி வண்டி ஒரே சீராகப் போக ஆரம்பித்ததும் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். வயர்கூடையை அணைத்துக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தான் நம்பாத ஒருவர் பக்கத்தில் யாரும் அப்படித் தூங்கமாட்டார்கள். பாடாலூரில் திரும்பும்போதுகூட அவருக்கு அலுங்காமல் திரும்பினேன்.

செட்டிகுளத்தில் நல்ல கூட்டம். மலை அடிவாரத்தில் எங்கு பார்த்தாலும் வேனும் மொட்டைத் தலையும். எங்கள் வேன் முன்னாலேயே வந்துவிட்டது. ஒரு புளியமரத்து நிழலில் இடம் இருந்தது. மாமியாரை வெயில் படாமல் இறக்க வேண்டும் என்ற நினைப்பில் மெதுவாக உள்ளே விட்டேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனேன். மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் நட்டிருந்தது. பானெட் மறைத்ததால் அது என் கண்ணில் படவில்லை.

டக்.

இறங்கிப் பார்த்தேன். அகலமான பம்பரில் வேறு எங்கும் படவில்லை. நேராக நம்பர் பிளேட்டின் வலது முனையில் போய் முட்டியிருந்தது. தகடு மடங்கி, பிளாஸ்டிக் பட்டை விரிந்து, ரப்பர் புஷ் ஒன்று உருண்டு பூக்காரம்மாவின் கூடைக்கு அடியில் கிடந்தது. ஐந்து வருஷத்துக்கு அசையாது என்றது மூன்று நாள் நின்றது. அதற்குள் வேனில் வந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். இந்தத் தடவை எங்கே இடித்தேன் என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் கண்ணுக்கு முன்னால் இருந்ததே.

"என்னண்ணி இது," என்றார் கொழுந்தனார். "அன்னிக்கே அம்மா சொல்லுச்சு. வயசான ஆள வச்சிக்கிட்டு, ஏதாவது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. செய்யாத தப்புக்கு ஊர் முழுக்கச் சண்டை போட்டவள், செய்த தப்புக்கு ஒரு வார்த்தை இல்லாமல் நின்றேன். இனிமேல் மாமியார் இந்த வண்டியில் ஏறமாட்டார் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அந்தப் பக்கக் கதவு திறந்தது. மாமியார் தூக்கம் கலைந்த முகத்தோடு, புடவையைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். கல்லைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு கொழுந்தனாரைப் பார்த்துச் சொன்னார்.

"அவள ஏன்டா சொல்ற? நான்தான் போ போன்னேன். இன்னும் எடம் இருக்கு, உள்ள விடுன்னு நான்தான் சொன்னேன். அவ அப்பவே வேணாம் அத்தைன்னா. போங்கடா, போய்ப் புள்ளைக்குத் தோடு எடுத்து வைங்க."

எல்லோரும் கலைந்து போனார்கள். பின்சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருந்த வீட்டுக்காரர், இந்த முறை பாதி தூரம் கண்ணை மூடியிருந்ததாகக்கூடச் சொல்லவில்லை. குனிந்து ரப்பர் புஷ்ஷைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. பேத்தி அழுத அழுகை மலைக்கு மேலே கேட்டிருக்கும். சாப்பாடு ஆனதும் கொழுந்தனார் என்னிடம் வந்தார். கோபமெல்லாம் போய்விட்டிருந்தது. "அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. வேன் டிரைவரோட மச்சான் ஒருத்தர் கூட வந்திருக்காரு. அவரு காரை எடுத்துட்டு வரட்டும். நீங்களும் அம்மாவும் வேன்ல வந்துருங்க."

சாவியைக் கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன். மாமியார் ஏற்கெனவே முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். வயர்கூடை மடியில் இருந்தது. காலையில் வேண்டாம் என்ற பெல்ட்டை அவரே இழுத்து மாட்டியிருந்தார், கொஞ்சம் முறுக்கிக்கொண்டு. கொழுந்தனார் ஜன்னல் பக்கம் குனிந்து விஷயத்தைச் சொன்னார்.

"எந்த மச்சானும் வேணாம்," என்றார் மாமியார். "எம் மருமவ ஓட்டுவா. நீ நவுரு, வெயில் அடிக்குது."

நான் ஏறி வண்டியை எடுத்தேன். மடங்கிய தகடு கடகடவென்று தாளம் போட்டுக்கொண்டு வந்தது. பாடாலூர் வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"அத்தை, நீங்க தூங்கிட்டுத்தான இருந்தீங்க?"

"ஓட்டறப்ப பேசாத," என்றார். "ரோட்டப் பாரு."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. துடைக்கக் கையை எடுத்தால் அதற்கும் ஏதாவது சொல்வார் என்று இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினேன்.